பக்கம் ஏன் மின்னுகிறது?

அச்சடித்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்ட எவ்வளவு நேரமாகிறது என்று எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டீர்கள். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு புரட்டுகிறவர்கள் உண்டு. கடைசி வரி வருமுன்பே பக்கத்தின் மூலையை நிமிண்டிக்கொண்டு தயாராக இருப்பவர்கள் உண்டு. இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "இவள் எப்போது ரயிலேறினாள்?" என்று திகைப்பவர்களும் உண்டு. எப்படிப் புரட்டினாலும் ஒரு விநாடிக்குக் குறையாது. ஆனாலும் காகிதத்தின் மேல் நமக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

கோபமெல்லாம் மின்னூல் படிக்கும் கருவியின் மேல்தான் வருகிறது!

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கண்புரைக்கு ஆபரேஷன் ஆனபின் பத்திரிகை எழுத்து பிடிபடவில்லையாம். அயல்நாட்டிலுள்ள பிள்ளை ஒரு கருவியை வாங்கி அனுப்பினான். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றதும் அம்மாளுக்கு மெத்தச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"பக்கத்தைத் தள்ளினால் திரை முழுதும் கறுத்து, வெளுத்து, அதன் பிறகுதான் எழுத்து வருகிறது. அணையப் போகும் டியூப் லைட் மாதிரி இருக்கிறது. சில சமயம் கறுப்பதில்லை. ஆனால் முந்திய பக்கத்தின் எழுத்து அடியில் நிழலாட்டமாகத் தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாலோ, கருவி தூங்கியே போய்விடுகிறது. மாப்பிள்ளை 'இது பழுது, திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்கிறார். இன்னும் ஒரு வாரம்தான் கெடு. திருப்பிவிட்டால் வேறு எதில் படிப்பது? இந்த மின்னலால் கண்ணுக்கு ஏதாவது கெடுதல் உண்டா?"

அம்மணி, அவசரப்பட்டுத் தபாலில் சேர்த்துவிடாதீர்கள். உங்களுக்கும், இதே சந்தேகத்தோடு கருவியைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் மற்ற நேயர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எள்ளும் ரவையும்

கைபேசித் திரையும் டெலிவிஷன் திரையும் வெளிச்சத்தால் எழுதுகின்றன. விநாடிக்கு 60 தடவை, அதற்கு மேலும்கூட, அழித்து அழித்து எழுதுகின்றன. மின்னூல் கருவியின் கதையே வேறு. அது மெய்யாகவே மையால் எழுதுகிறது.

அந்தத் திரைக்குள் ஏறக்குறைய தலைமயிர் கனமுள்ள குமிழ்கள் லட்சக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் எண்ணெய் போன்ற ஒரு தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. ஒரு கிண்ணம் எண்ணெயில் ரவையையும் எள்ளையும் போட்டுவைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டுக்கும் மின்னேற்றம் எதிரெதிர். அடியிலிருந்து ஒரு விதமாக மின்சாரம் கொடுத்தால் ரவை மேலே வரும். அந்த இடம் வெள்ளை. மாற்றிக் கொடுத்தால் எள் மேலே வரும். அந்த இடம் கறுப்பு. இரண்டும் கலந்து நின்றால் சாம்பல் நிறம்.

இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினாலும் எள் எள்ளின் இடத்திலேயே நிற்கும். ரவை ரவையின் இடத்திலேயே நிற்கும். எழுதிய பக்கம் எழுதியபடியே இருக்கும். அதனால்தான் ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் வாரக் கணக்கில் படிக்க முடிகிறது.

அசௌகரியமும் அதே இடத்தில்தான். துகள் திரவத்தினூடே நகர்ந்தாக வேண்டும். வெளிச்சத்தை அணைத்து ஏற்றுவதுபோல் அது நடக்காது. வழக்கமான கறுப்பு வெள்ளைத் திரை, சாம்பல் நிறங்களோடு ஒரு முழுப் பக்கத்தைச் சுத்தமாக எழுதச் சுமார் 450 மில்லி விநாடி பிடிக்கும். அதாவது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு.

300 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒரு தடவை மின்னினாலும் மொத்தம் இரண்டேகால் நிமிஷம். கும்பகோணத்து அம்மாள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதால் அது 900 பக்கமாகிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏழு நிமிஷம் ஆகாது. கதாநாயகன் கிணற்றில் விழுந்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஏழு நாள் காத்திருக்கும் தொடர்கதை வாசகர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?

ஆனால் நேரம் வேறு, எரிச்சல் வேறு. கண்ணெதிரே பக்கம் கறுத்துப் போவதுதான் எரிச்சல். ஏன் கறுக்க வேண்டும்? வெள்ளையிலிருந்து நேரே எழுத்துக்குப் போகக் கூடாதா?

கோவை இலையும் வெறுங்கையும்

பழைய நாளில் சிலேட்டில் எழுதிய பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். வெறுங்கையால் துடைத்தால் சிலேட்டு துடைத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் பழைய கணக்கு லேசாகத் தெரியும். கோவை இலையைக் கசக்கித் தேய்த்தால்தான் சுத்தமாகும். ஆனால் சற்று நேரம் சிலேட்டு ஈரமாயிருக்கும். உடனே எழுத முடியாது. வெறுங்கைத் துடைப்புதான் நிழலெழுத்து. கோவை இலைத் துடைப்புதான் அந்தக் கறுப்பு மின்னல்.

இன்னொரு ரகசியமும் இருக்கிறது. இந்தக் கருவிக்குத் துகள் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கண் கிடையாது. 16 வகைச் சாயைகளைக் காட்டும் திரை என்றால், பழைய சாயை 16, புதிய சாயை 16. ஆக 256 விதமான மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடவை, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் தள்ள வேண்டும் என்று ஓர் அட்டவணை அதற்குள் இருக்கிறது. சூடு குளிருக்குத் தக்கபடி அந்த அட்டவணையும் மாறும். கருவி அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறது.

இருட்டில் அடி எண்ணி நடக்கிறவனை நினைத்துப் பாருங்கள். முதல் பத்தடி சரியாயிருக்கும். போகப் போக அரையடி, ஓரடி என்று பிசகும். பிசகு முற்றினால் என்ன செய்வான்? சுவரைத் தொட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவான். திரை முழுதும் கறுத்து வெளுப்பது இப்படிச் சுவரைத் தொடுகிற காரியம்தான். துகள்கள் எல்லாம் ஒரு கோடிக்குப் போய், மறு கோடிக்கு வந்து, தெரிந்த இடத்திலிருந்து புறப்படுகின்றன.

தள்ளுகிற கணக்கும் நேராக வேண்டும். ஒரு பக்கம் எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவு மறுபக்கமும் தள்ளிச் சரிக்கட்ட வேண்டும். வரவு செலவு ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டு போனால், நாளடைவில் திரைக்கே கெடுதல்.

வந்த வழி

மையைத் திரையில் அடைக்கும் எண்ணம் புதிதல்ல. 1970-களிலேயே அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் நிக்கலஸ் ஷெரிடன் என்பவர், ஒரு பாதி கறுப்பும் மறு பாதி வெள்ளையுமான பொடி உருண்டைகளைத் திருப்பித் திருப்பி எழுத்துக் காட்டினார். குமிழுக்குள் துகளை அடைக்கும் முறையை எம்.ஐ.டி. மீடியா லாபில் உருவாக்கியவர்கள் ஜோசப் ஜேகப்சனும், அப்போது மாணவர்களாயிருந்த பாரட் காமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் ஆகியோரும். 1997-ல் ஈ இங்க் என்ற கம்பெனி ஏற்பட்டது. 1998-ல் 'நேச்சர்' பத்திரிகையில் அவர்களுடைய கட்டுரை வந்தது. 2004-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனி 'லிப்ரியே' என்ற கருவியை விற்றது. 2007 நவம்பரில் அமேஸான் கம்பெனியின் முதல் கிண்டில் வந்தது. விலை 399 டாலர். காட்டிய சாயைகள் நாலே நாலு.

அந்த முதல் கிண்டிலில் ஒரு வேடிக்கை. எந்த வரியில் இருக்கிறோம் என்று காட்டும் குறி மேலும் கீழும் ஓட வேண்டுமல்லவா? இந்த மை அவ்வளவு வேகமாக ஓடாது. அதனால் பெரிய திரைக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக இன்னொரு திரையை, வேறு ஜாதித் திரையாகப் பார்த்து, வைத்துவிட்டார்கள். குறி அதிலே ஓடியது. மாப்பிள்ளை ஓடமாட்டார் என்று தெரிந்து தோழனை ஓடவிட்ட கதைதான்!

அந்நாளில் பக்கத்துக்குப் பக்கம் மின்னல். 2011 வாக்கில் வந்த கருவிகள் சுமார் ஆறு பக்கத்துக்கு ஒரு தடவை மின்னினால் போதும் என்று பழகிக்கொண்டன. கோபோ கருவிகளில் இத்தனை பக்கத்துக்கு ஒரு முறை என்றோ, அத்தியாயத்துக்கு ஒரு முறை என்றோ நாமே சொல்லிவிடலாம். கிண்டிலில், ஒவ்வொரு பக்கத்துக்கும் மின்ன வேண்டுமா என்று கேட்கும் ஒரு விசை இருக்கிறது.

இப்போது வண்ணத் திரைகளும் வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, வழக்கமான கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ணக் கண்ணாடி போட்டது. இன்னொரு வகையில் நாலு நிறத் துகள்கள் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. நாலு பேரை வரிசையில் நிறுத்த இரண்டு பேரை நிறுத்துவதைவிட நேரமாகுமல்லவா? 2022-ல் அறிவிக்கப்பட்ட அந்த வகைத் திரை, மிகச் சிறந்த வண்ணம் காட்ட ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்கிறது. வண்ணத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு ஆசைப்படட்டும்.

குற்றவாளி மை மட்டுமல்ல

இதுவரை மைக்காக வக்காலத்து வாங்கியாயிற்று. ஆனால் தாமதம் எல்லாவற்றையும் மையின் தலையில் கட்டுவது நியாயமல்ல. பக்கத்தை வரைந்து கொடுக்கிற மென்பொருளுக்கும் அதில் பங்கு உண்டு.

மின்னூலுக்குப் பக்கம் என்பதே கிடையாது! ஈபப் வகைப் புத்தகம் ஒரு மூட்டை; உள்ளே எழுத்துக்கள் ஓடையாக ஓடுகின்றன. எந்த வரி எங்கே முடியும், எந்தப் பக்கம் எங்கே தொடங்கும் என்பதை மென்பொருள்தான் கணக்குப் போடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் முதல் வரியிலிருந்து கணக்கு மாறிவிடும். நல்ல மென்பொருள் ஒரு தடவை போட்ட கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் 40-ம் பக்கத்தைப் படிக்கும்போதே 41-ஐத் தயாராக எழுதி வைத்திருக்கும். கெட்டிக்காரச் சமையற்காரர், சாம்பார் சாதம் முடியுமுன் ரசத்தோடு நிற்பதுபோல. மோசமான மென்பொருள் நீங்கள் 'ரசம்' என்று கேட்ட பிறகுதான் புளி கரைக்கும்.

தமிழுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. 'கொ' என்று எழுத, 'க'-வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் போட்டாக வேண்டும். அவை பிரிந்து அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாது. இது தெரியாத பழைய மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தமிழ் சிதறிக் கிடக்கும். கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்களின் விற்பனை 2016 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. மதுரைத் திட்டம் 1998-லிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. படிக்கச் சரக்கு இல்லை என்ற குறை இப்போது இல்லை.

பழைய புத்தகத்தைப் போட்டோ பிடித்துச் செய்த பி.டி.எஃப். இருக்கிறதே, அது வேறு சங்கதி. அதில் எழுத்தே கிடையாது. பக்கத்துக்கு ஒரு படம். அதை விரித்து, சுருக்கி, சாம்பல் நிறம் பிரித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். 6 அங்குலத் திரையொன்றில் 1,448-க்கு 1,072 என்று பதினைந்து லட்சம் புள்ளிகளுக்கு மேல் உண்டு. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சின்ன மூளையை வைத்துக்கொண்டு கருவி இத்தனையும் செய்ய வேண்டும். மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இன்னும் ஒன்று. கைபேசிக்கென்று எழுதிய மென்பொருளைச் சிலர் மைத் திரையிலும் அப்படியே ஓட்டுகிறார்கள். பக்கம் சுருண்டு புரள்வது, எழுத்து மெல்ல மங்கி மெல்லத் தெளிவது முதலிய அலங்காரங்கள் கைபேசியில் அழகு. மைத் திரையில் அவை ஒவ்வொன்றும் ஒரு மின்னல்! மை வேகமாக எழுதவும் ஒரு வழி இருக்கிறது. சாயை எதுவும் வேண்டாம், கறுப்பும் வெள்ளையும் போதும் என்றால் 260 மில்லி விநாடி; இன்னும் அவசரமென்றால் 120. ஆனால் அவசரத்துக்கு விலை நிழலெழுத்து. எந்த இடத்தில் எந்த வேகம் என்று தீர்மானிப்பதில்தான் மென்பொருள்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலில் பழுதா, சுபாவமா என்று பாருங்கள். பக்கம் புரளும்போது மட்டும் மின்னினால் அது சுபாவம். புரட்டாமல் சும்மா இருக்கும்போதும் ஒரே இடத்தில் ஒரு கோடு, எந்தப் பக்கம் போனாலும் அதே கோடு என்றால் அது பழுது. மின்னி முடித்த பிறகும் நிழல் போகாவிட்டால் அதுவும் விசாரிக்க வேண்டியதே. அப்படியானால் கெடு முடியுமுன் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, மின்னலின் இடைவெளியை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். கதை படிக்க ஆறு பக்கத்துக்கு ஒரு தடவை போதும். படங்கள் நிறைந்த புத்தகமென்றால் பக்கத்துக்கு ஒரு தடவை வைத்தாலும் தப்பில்லை. கருவியோடு வந்த மென்பொருள் இடம் கொடுக்காவிட்டால், விஷயம் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு கே.ஓ.ரீடர் என்ற இலவச மென்பொருளைச் சில கருவிகளில் போட்டுக்கொள்ளலாம். அதில் எத்தனை பக்கத்துக்கு என்று எண்ணையே குறிப்பிடலாம்.

மூன்றாவது, எழுத்தின் அளவை ஒரே தடவையில் தீர்மானித்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுங்கள். திரும்பி வருவதற்குள் கணக்கு முடிந்திருக்கும். பக்கம் வரவில்லையே என்று திரையை இன்னொரு தடவை தட்டாதீர்கள். இரண்டு தட்டையும் கருவி நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் தாண்டிவிடும். மறுபடியும் கதாநாயகி எப்போது ரயிலேறினாள் என்று தெரியாமல் போகும்.

நான்காவது, ஒரே நூல் ஈபப்பாகவும் போட்டோ பி.டி.எஃப்.-ஆகவும் கிடைத்தால் ஈபப்பையே எடுங்கள். பி.டி.எஃப்.தான் உண்டு என்றால் சுற்றியுள்ள வெற்றோரத்தை வெட்டிவிட்டுப் படியுங்கள். அலங்கார அசைவுகள் எதுவானாலும் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவது, குளிர். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி இந்தத் திரவமும் சற்றுக் கெட்டியாகும். துகள் மெதுவாக நகரும். கும்பகோணத்தில் அந்தக் கவலை இல்லை. மார்கழியில் கொடைக்கானல் போகிறவர்கள் கருவி சோம்பினால் கோபிக்க வேண்டாம்.

கண்ணைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்த மின்னல் விளக்கு மின்னுவது போன்றதல்ல. மை நிறம் மாறுவதுதான். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத்தான் அது திருப்பிக் காட்டுகிறது. எழுதி முடிந்த பக்கம் காகிதம்போல் அசையாமல் நிற்கிறது. கருவியின் முன்விளக்கு தனி. உறுத்தினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் ஆன கண்ணாயிற்றே என்று பயமாயிருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கருவியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். பளிச் பளிச்சென்ற மாற்றத்தால் வலிப்பு வரும் சுபாவமுள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாகக் கருவி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'காகிதம் போலவே இருக்கும்' என்று பெட்டியின்மேல் பெரிதாகப் போடுகிறீர்கள். நல்லது. உள்ளே வைக்கும் சீட்டில், 'பக்கம் புரளும்போது திரை ஒரு முறை கறுத்து வெளுக்கும். அது பழுதல்ல, பழைய எழுத்தைத் துடைக்கிறது' என்று தமிழில் ஒரே ஒரு வரி சேர்த்தால் என்ன? அந்த ஒரு வரி இல்லாததால், படிக்க ஆசையும் பெரிய எழுத்துக்குத் தேவையும் உள்ள எத்தனை பேர் கருவியைத் திருப்பிக் கட்டிவிட்டு, ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களோ! கறுப்பு மின்னலை அடியோடு ஒழிப்பது விஞ்ஞானிகள் பாடு. அது ஏன் வருகிறது என்று வாங்குகிறவரிடம் சொல்வது விற்கிறவர் பாடு. அதற்கு அரை விநாடிகூட ஆகாது.